மழை பெய்தாலும் கஷ்டம். பனி பெய்யாவிட்டாலும் கஷ்டம்!

மரக்காணம் கடற்கரையில் கோடைக்காலத்தில் உப்பு குவியல் குவியலாகக் கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பனிமலை போலத் தோன்றும். உண்மையான பனிமலை காஷ்மீரத்தில், குல்மார்க் என்ற ஊரில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் வெகு தூரம். ஆனால், இரண்டு ஊர்த் தொழிலாளிகளின் தலைவிதியும் ஒன்றுதான். இருவருக்கும் படி அளப்பது வானம்.

குல்மார்க்கின் தொழில் பனிச் சறுக்கு. ஒரே பலகையில் இரு கால்களையும் பூட்டிக்கொண்டு, சரிவில் வழுக்கி இறங்கும் விளையாட்டு அங்கே பிரபலம். இந்த விளையாட்டு கடலலையைப் பார்த்துப் பிறந்தது. 1965-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஷெர்மன் பாப்பன் என்பவர், தம் பெண் குழந்தைகளுக்காக இரண்டு சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார். அலைமேல் பலகையில் நின்று போவதுபோல், பனிமேலும் போகலாம் என்று காட்டினார். 1998-ல் ஜப்பானின் நாகானோ நகரில் இது ஒலிம்பிக் பந்தயமாகிவிட்டது.

குல்மார்க்கில் சரிவுகள் பலவிதம். அடிவாரத்தில் இருப்பவை சாய்வு குறைந்தவை. புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்றவை. பழனியில் இருப்பதுபோல் அங்கும் ரோப் கார் உண்டு. 1998-ல் வந்த முதல் கட்டம் சுமார் 10,000 அடி உயரத்துக்குக் கொண்டுபோகும். 2005-ல் வந்த இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் சுமார் 13,000 அடிக்கு ஏற்றிவிடும். அங்கே சரிவு செங்குத்து. காவலர் பார்வையிடும் எல்லையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 2023 பிப்ரவரியில் பனி சரிந்து விழுந்து, போலந்து நாட்டவர் இருவர் அங்கே மாண்டனர்.

எந்தச் சரிவில் யாரை இறக்கலாம் என்று அறிந்தவர் உள்ளூர் வழிகாட்டி. எந்தப் பாத்தியில் உப்பு விளைந்துவிட்டது என்று அறிந்தவர் உப்பளத் தொழிலாளி. இருவர் அறிவும் பள்ளியில் வந்ததல்ல, பாடுபட்டு வந்தது.

ஆனால், வானம் ஏமாற்றினால் அந்த அறிவு என்ன செய்யும்? 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் பனியில்லாமல் வெறும் தரையாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டி, போதிய பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. போட்டியைத் தள்ளிவைக்கலாம், வயிற்றுப் பசியைத் தள்ளிவைக்க முடியுமா? சறுக்கு வண்டி இழுப்பவருக்குப் பனி இல்லையென்றால் கூலி இல்லை. மரக்காணத்தில் கதை நேர்மாறு. ஒரு பெருமழை பெய்தால் போதும், பாத்தியில் விளைந்த உப்பு கரைந்து போகும்.

இயந்திரத்தால் பனி செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். 2022-ல் பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில், அநேகமாக முழுவதும் செயற்கைப் பனியில்தான் சறுக்கினார்கள். உண்மைதான். ஆனால், அதற்கு ஏராளமான தண்ணீர் வேண்டும், மின்சாரம் வேண்டும், கடுங்குளிரும் வேண்டும். பந்தயப் பாதைக்கு அது உதவும். மலை முழுவதையும் மூட உதவாது.

இயந்திரத்தைவிட முக்கியமானது மனிதருக்குச் செய்யும் உதவி. அதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, வேலையில்லாத மழைக்காலத்துக்கென 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டம் 2022-ல் தொடங்கியது. மூன்று மாத வயிற்றுப்பாட்டுக்கு அது போதாது என்பது நியாயமே. தொகை உயரத்தான் வேண்டும். ஆனால், "வானம் கெடுத்தால் அது தொழிலாளியின் குற்றமல்ல" என்ற நீதி அதில் அடங்கியிருக்கிறது.

அந்த நீதி பனிமலைக்கும் பொருந்தும். பனி பொய்த்த வருஷத்தில் வழிகாட்டிக்கும் வண்டி இழுப்பவருக்கும் இதுபோன்ற உதவி கிடைக்கவேண்டும். நல்ல வருஷத்தில் ரோப் கார் கட்டணத்திலிருந்து ஒரு சிறு பங்கை ஒதுக்கிவைத்தால், கெட்ட வருஷத்துக்கு அது கைகொடுக்கும்.

விடுமுறைக்குக் குல்மார்க் போகும் குடும்பங்களுக்கும் ஒரு கடமை உண்டு. வழிகாட்டி "அந்தப் பக்கம் வேண்டாம்" என்றால் கேட்டு நடக்கவேண்டும். கூலியில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாமல் இருக்கவேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னது தமிழ் மரபு. பனியில் கைபிடித்து இறக்கிவிட்டவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.