இயந்திரத்துக்கு முன் பயிற்சி

பஞ்சு விரிப்பை நடுவில் வைத்த மூன்றடுக்குத் துணியில், பூவும் கொடியுமாக விரும்பியபடி இயந்திரத்தால் தைப்பதே ‘ஃப்ரீ மோஷன் குயில்டிங்’. இதைக் கற்கத் தொடங்குவோர் பலர் விலையுயர்ந்த இயந்திரத்தையே முதலில் தேடுகின்றனர். அந்த அவசரம் தேவையற்றது என்பதே என் கருத்து.

இம்முறையில், துணியை நகர்த்தும் பற்களைத் தாழ்த்திவிடுகிறோம். தாழ்த்த இயலாத இயந்திரத்தில் அவற்றைத் தகட்டால் மூடுகிறோம். அதன்பின் துணியை நகர்த்துபவை நம் கைகளே. ஊசியின் வேகத்தைக் கை முந்தினால் தையல் நீளும், பிந்தினால் நெருங்கும். இவ்விரண்டையும் இசையச் செய்யும் பழக்கம் விலைக்குக் கிடைப்பதன்று. காலால் மிதிக்கும் சாதாரண இயந்திரத்திலேயே அழகிய பூத்தையல் போடுவோர் நம் நாட்டில் எத்தனையோ பேர்!

வங்கத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கியே காந்தா தைத்தனர். நாமும் பழைய பருத்திப் புடவையை 10 அங்குலச் சதுரங்களாக வெட்டிப் பயிலலாம். முதலில், பென்சிலை எடுக்காமல் தாளில் வளைகோடுகளை வரைந்து பழகுங்கள்; பிறகு அவற்றையே தையுங்கள். டார்னிங் ஃபுட் ஒன்றை மட்டும் வாங்கிப் பொருத்தினால் போதும். அதைக் கீழே இறக்கிய பிறகே தைக்க வேண்டும்; இல்லையேல் அடியில் நூல் சிக்கும்.

நாள்தோறும் 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் தேதியிட்டு வையுங்கள். ஒரு மாதம் கழித்து முதல் சதுரத்தையும் கடைசிச் சதுரத்தையும் ஒப்பிடுங்கள். தையல் சீராகி, ஆர்வமும் குன்றாதிருந்தால் புதிய இயந்திரத்தைப் பற்றி எண்ணலாம். அதுவரை அத்தொகை சேமிப்பிலேயே இருக்கட்டும்.