தமிழில் எழுதட்டும் முறைப்பாட்டை

மஸ்கெலியாவின் தேயிலைத் தோட்ட மேல் டிவிஷன் ஒன்றிலிருந்து, கணவன் அடித்ததை முறையிடப் பொலிஸ் நிலையத்துக்குச் செல்ல, கொழுந்து பறிக்கும் பெண் அன்றைய பேரை, அதாவது நாட்கூலியை, இழக்க வேண்டும். கரடுமுரடான தோட்டப் பாதை, மழை, முச்சக்கர வண்டிக் கூலி. இத்தனையும் தாண்டிப் போனால், அவள் தமிழில் சொல்வது சிங்களத்தில் எழுதப்படுகிறது. வாசிக்க முடியாத வாக்குமூலத்தில் அவள் கையெழுத்திடுகிறாள். அடித்த கணவன் அதில் எப்படி வர்ணிக்கப்பட்டான் என்பது அவளுக்கே தெரியாது. இது வெறும் அசௌகரியமல்ல, அநீதி.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அரச அதிகாரிகளுடன் தமிழில் கருமமாற்றும் உரிமையை 1988இன் 16ஆவது திருத்தம் உறுதிசெய்தது. மஸ்கெலியா அமைந்துள்ள நுவரெலியா மாவட்டத்திலோ தமிழ் பேசுவோரே பெரும்பான்மை.

ஆகவே, பொலிஸ் நிலையத்தில் எந்நேரமும் தமிழில் எழுதத் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். சிறுவர், மகளிர் பிரிவில் கட்டாயம் ஒரு தமிழ்ப் பெண் உத்தியோகத்தர் வேண்டும். நடமாடும் பொலிஸ் சேவை நகரோடு நிற்காமல் லயங்களுக்கு வரட்டும், வேலை முடிந்த மாலையில். மலையக இளைஞர், யுவதிகளும் பொலிஸ் சேவைக்கு விண்ணப்பிக்க முன்வர வேண்டும்.

தோட்டத் தாய்மாரே, உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். அது சலுகையல்ல, உங்கள் உரிமை.