எவருக்கு ஏற்கத்தக்க இடர்?

நம் கல்லூரியிற் பயின்று பேராதனைப் பொறியியற் பீடம் புகும் இளைஞரைக் காணுந்தோறும் மகிழ்கின்றோம். அவர்கள் அங்கே கற்குஞ் சொற்களுள் ஒன்றைப் பற்றி இம்மலரிற் சில கூற விழைகின்றேன். 'ஏற்கத்தக்க இடர்' என்பதே அச்சொல்.

முற்றும் இடரற்ற கட்டடமோ அணையோ உலகில் இல்லை. ஆதலின் பொறியியலாளர் ஒரு பாலத்தை, அது தாங்கவேண்டிய பாரத்தினும் மிகுதியாகத் தாங்குமாறு அமைப்பர். இம்மிகுதியைப் பாதுகாப்புக் காரணி என்பர். நமது அறியாமைக்கு முன்கூட்டியே செலுத்தும் வரி என்பது இன்னும் பொருந்தும். அவ்வரியைச் செலுத்திய பின்னரும் சிறிது இடர் எஞ்சும். பல நூற்றாண்டு நின்ற கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்பிரல் 20ஆந் திகதி உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரை மாய்த்தது. பழைமையும் பாதுகாப்புக்குச் சான்றன்று.

எஞ்சிய இடர் எவ்வளவாயிற் பொறுக்கலாம் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல நூல்கள் உண்டு. எவர் பொறுப்பது என்பதை அந்நூல்கள் போதிய அளவு வினவுவதில்லை என்பதே என் குறை. மோட்டார் சைக்கிளில் விரைபவன் தன் இடரைத் தானே தேர்ந்தவன். மலைச்சரிவில் லயத்தில் உறங்குபவன் அத்தகையவன் அல்லன். லயத்தின் இடத்தைத் தேர்ந்தவர் தோட்டத்தைத் திறந்த துரைமார். அதில் வாழ்ந்தோரை எவரும் கேட்டதில்லை.

2014 ஒக்தோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளி சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்நிலம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவியல் தன் கடமையைச் செய்தது என்றே கொள்வோம். "அறிவித்தோம், அவர்கள் அசையவில்லை" என்று அந்நாளிற் கூறினாரும் உளர். எங்கே அசைவது? சொந்தமாக ஒரு பேர்ச் நிலமும் இல்லாதவனிடம், பெயர்வதற்கு இடங்காட்டாது எச்சரிக்கையை மட்டும் நீட்டி, அவன் இருந்தமையை இசைவு என்று எழுதிக்கொள்வது நேர்மையன்று. வேறு வழியுள்ளவனே ஓர் இடரை ஏற்கவும் மறுக்கவும் வல்லவன்.

மலையகம் முழுவதையும் காலிசெய்ய இயலுமோ என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். இயலாது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடியில், இறத்தோட்டைப் பக்கத்திலும் உக்குவளைப் பக்கத்திலும் வாழ்வோரை எல்லாம் சமவெளிக்கு அனுப்பினால் தொழிலும் போம், ஊரும் போம். அங்கே வெள்ளமும் இடர்தானே! இடரை ஒழிப்பதை யான் கேட்கவில்லை. அதனைச் சுமப்பவன் அறிந்து, தன் வாயால் ஒரு சொற் சொல்லும் இடத்தையே கேட்கின்றேன்.

மேற்கூறிய நிறுவனம் வகுத்துள்ள அளவுகள் மிக எளியவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 ஆனால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150ஐக் கடந்தால் உடனே வெளியேறல் வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் வாசித்தறியத்தக்க எண்கள் இவை. ஆயினும், நள்ளிரவில் 150ஐத் தொட்ட மழையை லயத்திலிருப்போர் எவ்வாறு அறிவர்? அறிந்தாலும், முதியோரையும் கைக்குழந்தைகளையும் எந்தக் கூரையின் கீழ்ச் சேர்ப்பர்? இவ்விரு வினாவுக்கும் விடை இல்லாதவரை அவ்வெண்கள் கந்தோரிற் கிடக்கும் எண்களே.

யானும் லயத்திற் பிறந்தவன். கூரைத் தகரத்தில் மழை அறையும் ஓசையைக் கொண்டே அதன் அளவை மதிப்பிட்டு வளர்ந்தவன். அம்மதிப்பு பெரும்பாலும் பிழையாகவே இருக்கும் என்பது பின்னர் படித்த பாடம்.

விழா நிதியில் மிஞ்சுவதைக் கொண்டு முகப்பு வளைவு ஒன்று எழுப்பலாம் என்று பேசப்படுகின்றது. அதற்கு மாறாக, நம் மாணவர் வரும் தோட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மழைமானி வாங்கி, 150 என்ற கோட்டிற்குச் செவ்வண்ணந் தீட்டிக் கொடுக்கலாம். அபாய வரைபடத்தைத் தமிழில் எழுதி லயச் சுவரில் ஒட்டலாம். பொறியியலாளராய் உள்ள பழைய மாணவர், வருடத்தில் ஒருநாள் அந்தத் தோட்டங்களுக்குச் சென்று, எந்த வழியே இறங்குவது, எங்கே கூடுவது என்பவற்றை மக்களோடு அமர்ந்து தீர்மானிக்கலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன்; வழிமொழிவார் முன்வருக.