மழை பெய்தால் கூலி கரையுமா?

ஏற்காட்டில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. விடியற்காலையில் மஞ்சு இறங்கும். எதிரே வருகிற ஆள் தெரியாது. பத்து மணிக்குத் தூறல், பதினொரு மணிக்குப் பேய்மழை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரில் வருகிறவருக்கு அது கண்ணுக்கு விருந்து. காப்பித் தோட்டத்தில் களை வெட்டுகிற பெண்ணுக்கோ அது வயிற்றுப் பிரச்சினை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு தோட்டத்துப் பெண்கள் சிலர் நம்மிடம் வந்தார்கள். தலையில் சாக்குக் கொங்காடை, காலெல்லாம் சேறு. "எட்டு மணிக்கு வேலையிலே நின்னோம் தோழர். பதினொரு மணிக்கு மழைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அரைநாள்தான் எழுதியிருக்காங்க. இந்த மாசத்திலே இது நாலாவது தடவை" என்றார்கள்.

பெயரேட்டில் அரைநாள் எழுதிய கை யாருடையது? அங்கேதான் நமக்குச் சங்கடம். அந்தத் தோட்டத்து ரைட்டர் நம்மோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் ஓடு மழைக்கு ஒழுகும். வாத்தியார் எல்லாப் பிள்ளைகளையும் ஒழுகாத மூலையில் நெருக்கி உட்காரவைப்பார். மலையாளிப் பழங்குடிப் பிள்ளை, கீழ்நாட்டிலிருந்து வந்த கூலிக்காரர் பிள்ளை, கடைக்காரர் பிள்ளை, எல்லோரும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருப்போம். ஊரில் இல்லாத சமத்துவம் அந்த ஒரு மூலையில் இருந்தது. அவரிடம் குடை உண்டு, நம்மிடம் கிடையாது. மழை நாளில் அவர் நம்மைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு, தம்முடைய ஒரு தோள் நனைய, நம் வீட்டு வாசல் வரை வந்து விட்டுப் போவார். இதை எப்படி மறப்பது?

மறக்க முடியாததால் ஒரு தவறு செய்தோம். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம். கடைசியில் ஒரு வயதான அம்மாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்: "உங்க கூட்டாளின்னு பாக்கறீங்களா தோழர்?" அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. சுயவிமரிசனம் என்று கூட்டங்களில் பேசுகிறோம். அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் அதை நமக்குக் கற்றுக்கொடுத்தார்.

அன்று மாலையே போனோம். தேநீர் வாங்கிக் கொடுத்தார். பழைய வாத்தியாரைப் பற்றிப் பேசினார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "நான் என்னடா பண்றது? மேலே இருந்து சொல்றாங்க, எழுதறேன். மாட்டேன்னா நாளைக்கு என் நாற்காலியிலே வேற ஆள் உட்காருவான்" என்றார்.

அவர் சொன்னது பொய்யல்ல. அவரும் கூலிக்காரர்தான், சலவைச் சட்டை போட்ட கூலிக்காரர். அவரைத் துரோகி என்று திட்டிவிட்டு வருவது சுலபம். அதனால் முதலாளிக்குத்தான் லாபம். ஆகவே ஒன்றே ஒன்று கேட்டோம்: "பொய் எழுதாதே. எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்கு, யார் உத்தரவில் திரும்பிப் போனார்கள், அதை உள்ளபடி எழுது."

சட்டம் என்ன சொல்கிறது? நாட்கூலியாகக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளி வேலைக்கு வந்து, முதலாளி வேலை கொடுக்காததால் குறைந்த நேரமே உழைத்தாலும், அவருக்கு முழுநாள் கூலி உண்டு. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு இதைச் சொன்னது. அந்தச் சட்டத்தை விழுங்கிய 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தது. அதன் 10-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. தொழிலாளி தானாக வேலை செய்ய மறுத்தால் இது பொருந்தாது. சர்க்கார் விதிகளில் சில விலக்குகள் வைக்கலாம். ஆனால் மழையைக் கூப்பிட்டது அந்தப் பெண்களா? மண்வெட்டியைக் கீழே போடு என்று சொன்னது யார்?

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு தரும்படி முதலாளிகளைக் கட்டாயப்படுத்த மாநில சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. அந்தச் சட்டமும் இப்போது புதிய தொகுப்புக்குள் போய்விட்டது. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இருநூறு வருஷமாகச் செடிக்கு நிழல்மரம் உண்டு. அதன் அடியில் குனிந்து களை வெட்டுகிறவள் தலையில் இன்னும் சாக்கு!

அடுத்த மழை நாளில் நம் நண்பர் நேரத்தை உள்ளபடி எழுதினார். யாருக்கும் சொல்லவில்லை, நம்மிடமும் சொல்லவில்லை. சம்பள நாளன்று பெண்கள் தனித்தனியாகப் போகாமல் ஒன்றாகப் போய் நின்றார்கள். ஏட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். அந்த ஒரு நாளுக்கு முழுக்கூலி வந்தது. முந்தைய நாட்களின் பாக்கி இன்னும் வரவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், விடப்போவதில்லை.

ஏற்காட்டில் 1917-இல் துவங்கிய மாண்ட்போர்ட் போன்ற பெரிய விடுதிப் பள்ளிகள் உண்டு. அங்கே படித்தவர்கள் எங்கெங்கோ இருந்து வந்து கூடிக் குலாவுவார்கள். நல்லதுதான். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அப்படிக் கூட ஓய்வு ஏது? ஒருவன் திருப்பூருக்கு, ஒருத்தி நூல் மில்லுக்கு, மற்றவர்கள் தோட்டத்துக்கு. மழை ஒன்றாக உட்காரவைத்தவர்களைப் பிழைப்பு பிரித்துவிட்டது. மறுபடி ஒரே பெஞ்சில் உட்கார நமக்கு இருக்கிற இடம் சங்கம்தான்.

மலை விளிம்பில் நின்றால் கீழே சேலம் நகரம் விரிந்து தெரியும். 1950 பிப்ரவரி 11-இல் அந்நகரின் சிறையில் 22 தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள், மற்றவர்கள் தமிழர்கள். ஒரே பள்ளியில் படித்தவர்களா, ஒரே மொழி பேசியவர்களா? இல்லை. ஆனாலும் சேர்ந்தே நின்றார்கள்.

மில் தோழர்களே, உங்கள் சூப்பர்வைசரும் ஒருநாள் உங்கள் பெஞ்சில் இருந்தவராக இருக்கலாம். வயலில் உழைக்கும் தோழர்களே, உங்கள் பண்ணைக் கணக்கப்பிள்ளையும் அப்படியே. பழைய நட்பைக் கூலியை மறைக்கும் திரையாக்காதீர்கள். நியாயத்தைக் கேட்க அது ஒரு வாசல், தைரியமாகத் தட்டுங்கள். ஒரு சிறு நோட்டு வாங்கி, வேலைக்கு வந்த நேரம், திருப்பி அனுப்பிய நேரம் இரண்டையும் அன்றன்றே எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். பள்ளிக்கூடம் போனதற்கு அதுவும் ஒரு பயன்.

மழை பெய்தால் மண் கரையட்டும். கூலி கரையக் கூடாது.