சோப்புக்குள்ள பால் எங்க இருக்கு?

தேங்காய்ப்பால் சோப்பு. ஓட்ஸ் பால் லோஷன். பாதாம்பால் ஃபேஸ்வாஷ். சனி, ஞாயிறு ஆனா சென்னை வண்டிங்க ஈ.சி.ஆர். ரோட்டுல வரிசை கட்டி வருது. பாண்டி டவுனுக்குள்ள போய் இதையெல்லாம் பை நிறைய வாங்கிட்டுத் திரும்புது. "மாட்டுப்பால் இல்லைங்க, தாவரப் பால், தோலுக்கு ரொம்ப நல்லது" என்று ஒரு விளக்கம் வேற. வாங்கட்டும், அவங்க காசு. ஆனா பாகூர் பக்கம் நாலு தென்னை வெச்சிருக்கிறவன் என்ற முறையில எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அந்த டப்பாவுக்குள்ள பால் எங்க இருக்கு?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். தாவரப் பால் தோலுக்கு நல்லதான்னு கேட்டா, நல்லதுதான். அதை மறுக்க நான் வரல. எங்க ஊர்ல கைக்குழந்தைக்கும் வயசானவங்களுக்கும் தேங்காய்ப்பால் தேய்ச்சுக் குளிப்பாட்டினது நேத்து இன்னைக்கு வந்த பழக்கம் இல்ல. என் சண்டை பாலோட இல்ல, பாலோட பேரை வெச்சு நடக்கிற வியாபாரத்தோட.

தாவரத்துல இருந்து வர்றதைப் பால்னு சொல்றது நமக்குப் புதுசு கிடையாது. தேங்காய்ப்பால், எள்ளுப்பால், மல்லாட்டைப் பால் எல்லாம் நம்ம அடுப்படி வார்த்தைங்க. (நிலக்கடலையை எங்க பக்கம் மல்லாட்டைன்னுதான் சொல்லுவோம்.) 2021இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தாவரத்துல செஞ்ச பானங்களுக்குப் 'பால்'னு பேர் போட்டு இணையத்துல விக்கக் கூடாதுன்னு கறாரா சொன்னுச்சு. தேங்காய்ப்பாலுக்கு மட்டும் விலக்கு, ஏன்னா அது காலங்காலமா வழங்குற பேரு. ஆனா அந்த ஆணையத்தோட அதிகாரம் சாப்பிடுற பொருளோட முடிஞ்சுது. மூஞ்சில பூசுற டப்பாவுல பால்னு எழுதினா அவங்க கேக்க முடியாது.

இன்னொண்ணும் இருக்கு. செடியில வர்றதெல்லாம் நல்லதுன்னு நகரத்துல ஒரு நம்பிக்கை. எருக்கை ஒடிச்சாலும் பால்தான் வருது. அது கண்ணுல பட்டா கண்ணே கெடும். கள்ளிப்பால் தோல்ல பட்டா புண்ணாகும். 'இயற்கை' என்ற ஒரு வார்த்தையைப் பார்த்து மயங்குறவங்க ஒரு நாள் எங்க வரப்புல வந்து நடந்து பார்க்கணும்.

சரி, தேங்காய்ப்பால் என்ன செய்யுது? அதுல இருக்கிற கொழுப்புதான் வேலை செய்யுது. வறண்ட தோல் மேல மெல்லிசா ஒரு படலமா உக்காந்து, உள்ள இருக்கிற ஈரம் வெளிய போகாம பார்த்துக்குது. தேங்காய்க் கொழுப்புல ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். சில கிருமிங்களை அது அடக்கும். பிலிப்பைன்ஸ்காரங்களும் நம்மள மாதிரி தென்னையை நம்பி வாழ்றவங்க. கரப்பான் வந்த குழந்தைகளுக்குப் பச்சைத் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் தனித்தனியா பூசிப் பார்த்து, தேங்காய் எண்ணெய் கூடுதலா பலன் தந்ததா 2014இல் அங்க ஒரு ஆய்வு வந்துது. ஓட்ஸுக்கும் கணக்கு இருக்கு. நைசா அரைச்ச ஓட்ஸ் மாவைத் தோல் காக்கிற பொருள்னு அமெரிக்க அரசு 2003இல் ஏத்துக்கிச்சு. அரிப்பும் எரிச்சலும் தணியும். எல்லாருக்கும் எல்லாம் ஒத்துக்காது என்பதும் உண்மை. பரு வர்ற முகத்துல தேங்காய்க் கொழுப்பைப் பூசினா துவாரம் அடைச்சுப் பரு கூடும்.

இப்ப சோப்புக்கு வருவோம். சோப்பு எப்படி ஆவுது? கொழுப்போட காஸ்டிக் சோடா சேர்ந்தா சோப்பு. தேங்காய்ப்பாலை ஊத்தினாலும் அதுல இருக்கிற கொழுப்பும் சோடாவோட சேர்ந்து சோப்பாத்தான் மாறும். தோல் மேல படலமா உக்கார வேண்டிய கொழுப்பு, தோல்ல இருக்கிற எண்ணெயையும் சேர்த்து இழுத்துட்டுப் போற சரக்கா மாறிடுது. நல்லா செய்றவங்க கொஞ்சம் எண்ணெயை மாறாம மிச்சம் விடுவாங்க, அதை ஒத்துக்கிறேன். ஆனாலும் சோப்போட பிஹெச் அளவு 9, 10. நம்ம தோலோடது 5 பக்கம். அரை நிமிஷம் நுரை, அப்புறம் எல்லாம் சாக்கடைக்கு. இதுல பால் எப்ப வேலை செய்யும்?

லோஷன் கதை வேற. பிழிஞ்ச தேங்காய்ப்பாலை வெளிய வெச்சுப் பாருங்க. காலைல பிழிஞ்சது எங்க வெயில்ல சாயந்திரம் புளிச்சு நாறும். கடையில ரெண்டு வருஷம் கெடாம இருக்குதுன்னா, ஒண்ணு அதுல கெடாம இருக்க மருந்து சேர்த்திருக்கணும், இல்ல பால் பேருக்குத்தான் இருக்கணும். பெரும்பாலும் ரெண்டும்.

பேருக்குன்னு சும்மா சொல்லல. 2020 டிசம்பர்ல வந்த அழகுசாதனப் பொருள் விதிகளைப் பாருங்க. ஒரு சதவீதத்துக்கு மேல இருக்கிற பொருளை அதிகம் இருக்கிறது முதல்ல வர்ற மாதிரி வரிசையா எழுதணும். ஒரு சதவீதமும் அதுக்குக் கீழயும் இருக்கிறதை அதுக்கப்புறம் எந்த வரிசையிலயும் எழுதலாம். ஆக, டப்பா முன்பக்கம் பெரிய எழுத்துல தேங்காய்ப்பால், பின்பக்கம் பொடி எழுத்துல வாசனைப் பொருளுக்குப் பக்கத்துல தேங்காய்ச் சாறு. நூறு கிராம்ல கால் கிராம் இருந்தாலும் முன்பக்கம் படம் போடலாம். கையில இருக்கிற டப்பாவைத் திருப்பிப் பாருங்க. பாலோட பேரு பட்டியல்ல கடைசில இருந்தா, நீங்க வாங்கினது படத்தைத்தான்.

எனக்கு ரொம்பக் கோவம் வர்ற இடம் இன்னொண்ணு. பாலுன்னா வெள்ளை. அந்த வெள்ளையைத்தான் விக்கிறாங்க. 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பேரை 'க்ளோ அண்ட் லவ்லி'ன்னு மாத்துச்சு. பேரு மாறிச்சு, ஊர்ல பொண்ணு பார்க்க வர்றவங்க கண்ணு மாறல. இப்ப அதே வெள்ளைத்தோல் ஆசையைப் 'பொலிவு', 'பிரகாசம்'னு பேர் மாத்தி, கூட ஒரு தாவரப் பாலையும் சேர்த்து விக்கிறாங்க. எந்தப் பாலும் யார் நிறத்தையும் மாத்தாது. மே மாச வெயில்ல மல்லாட்டை பறிக்கிற பொம்பளைங்களோட கருப்பு அவங்க உடம்பைக் காப்பாத்துற கருப்பு. வறட்சி போகும், வெடிப்பு ஆறும்னு சொல்லுங்க, கேக்கிறேன். வெளுக்கும்னு ஒரு பொண்ணுகிட்ட சொல்றவன், அவ தோல்ல குறை இருக்குன்னு முதல்ல நம்ப வெச்சுட்டுதான் மருந்தை நீட்டுறான்.

இதுல விவசாயி எங்க இருக்கான்? உலகத்துப் பாதாம்ல ஏறக்குறைய 80 சதவீதம் கலிஃபோர்னியாவுல விளையுது. அதைக் கப்பல்ல கொண்டாந்து பாலெடுத்து முகத்துக்குப் பூசுறோம். அந்தப் பக்கம், எங்க வீட்டு மாடு குடிக்கிற கழனித்தண்ணியை 'அரிசித் தண்ணீர்'னு கொரியாப் பேர் சொல்லி பாட்டில்ல அடைச்சு விக்கிறான். பாகூரைப் புதுச்சேரியோட நெற்களஞ்சியம்னு சொல்லுவாங்க. எங்ககிட்ட இல்லாத அரிசித் தண்ணியா?

இது பழைய கதைதான். பிரெஞ்சுக்காரன் காலத்துல எங்க பக்கத்து மல்லாட்டை பாண்டித் துறைமுகத்துல இருந்து மார்சேய் பட்டணத்துக்குக் கப்பல் கப்பலா போச்சு. அங்க எண்ணெயாச்சு, சோப்பாச்சு. விளைய வெச்சது இங்க, பேரும் லாபமும் அங்க. இப்ப கப்பல் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

தென்னை சும்மா வரல. நெட்டை ரகம் நட்டா காய்ப்புக்கு ஆறேழு வருஷம். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல இந்தப் பக்கம் விழுந்த மரங்களுக்குக் கணக்கில்ல. அதுக்குப் பதிலா நட்டது காய்க்கும்போது வெள்ளை ஈ வந்து உக்காந்து மட்டையைக் கருப்பாக்குது. மரம் ஏற ஆள் கிடைக்கிறதில்ல. 2025 பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு வெச்ச ஆதார விலை குவிண்டால் 11,582 ரூபாய், அதாவது கிலோ 116 ரூபாய்கூட வரல. வெளி மார்க்கெட்ல அந்த வருஷம் விலை ஏறிச்சு, உண்மைதான். உடனே, தேங்காய் இவ்வளவு விலையான்னு நகரமே அலறிச்சு. அலறினவங்கள்ல எத்தனை பேர் நூறு கிராம் தேங்காய்ப்பால் சோப்பை 200 ரூபாய்க்கு வாய் தொறக்காம வாங்கினாங்களோ.

லேபிளுக்கு இருக்கிற பவரு எண்ணெய்க்கு இல்ல. சமையல் எண்ணெய்னா 5 சதவீத வரி, தலைக்கு எண்ணெய்னா 18 சதவீதம்னு இருந்த காலத்துல, சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய் எதுல சேரும்னு வழக்கு வருஷக் கணக்கா நடந்துச்சு. தலைக்குன்னு போட்டு வித்தாத்தான் அது தலை எண்ணெய்னு 2024 டிசம்பர் 18இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னுச்சு. உள்ள இருக்கிறது ஒரே எண்ணெய்தான்.

"அப்ப நீங்களே செஞ்சு வித்துக்க வேண்டியதுதானே" என்று கேப்பீங்க. நியாயமான கேள்வி. சோப்பு செஞ்சு விக்கணும்னா உரிமம் வேணும், அதுக்குத் தகுந்த இடம் வேணும், படிச்ச ஆள் வேணும். சட்டம் தேவையில்லைன்னு நான் சொல்லல. மூஞ்சில பூசுற பொருளுக்குக் கட்டுப்பாடு இருக்கணும். ஆனா அதே சட்டம், பேருக்கு ஒரு சொட்டுப் பாலை ஊத்திப் படம் போடுறவனையும் கேக்கணும் இல்லையா? என் கோரிக்கை ஒண்ணுதான். முன்பக்கம் பால்னு போட்டா, எத்தனை சதவீதம்னு முன்பக்கமே போடு. பழச்சாறுக்கு அப்படித்தானே பார்த்து வாங்குறோம்.

அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு வழி இருக்கு. அரை மூடித் தேங்காயைத் துருவி, கொஞ்சம் வெந்நீர் விட்டு மிக்சில அடிச்சு, வெள்ளைத் துணியில பிழியுங்க. முன்கையில கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துட்டு, அரிப்பு இல்லன்னா கை, கால், முதுகுல தேய்ச்சுக் கால் மணி நேரம் ஊறவிடுங்க. பயத்தமாவு போட்டுக் குளிங்க. பரு முகத்துக்கு வேணாம், நீர் வடியிற புண்ணுக்கு வேணாம், அதுக்கு டாக்டர்கிட்ட போங்க. மிச்சப் பாலை அன்னைக்கே குழம்புல ஊத்திடுங்க.

நேரம் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. பாண்டிக்கு வந்து போக ஆறு மணி நேரம் கார் ஓட்டுறவங்களுக்குத் தேங்காய் துருவ பத்து நிமிஷம் கிடைக்கும். அந்தத் தேங்காயையும், முடிஞ்சா, விளைய வெச்சவன்கிட்டயே பேரம் பேசாம வாங்குங்க.