அறியாமல் செய்யும் சத்தியம்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, என்னுடன் பணியாற்றும் கணித ஆசிரியர் என் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியை ஆறவிட்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே, விஷயம் சாதாரணமானதன்று என்று ஊகித்துக்கொண்டேன். நண்பர் கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறாதவர். அவருடைய மகனைக் கல்லூரியில் சேர்த்தபோது பண உதவி செய்த பெரியவர் ஒருவர், "எங்கள் லாட்ஜில் நீங்களும் சேர வேண்டும்" என்று அழைத்திருக்கிறார். லாட்ஜ் என்றதும் கட்டில், மெத்தை, நாள் வாடகை என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். பிரீமேஸன் சங்கத்தார் தங்கள் கிளைச் சபைக்கு வைத்திருக்கும் பெயர் அது.

"அங்கே போய் என்ன செய்வீர்கள்?" என்று நண்பரின் மனைவி கேட்டாராம். "சேர்ந்த பிறகுதான் தெரியும், தெரிந்த பிறகு சொல்லக் கூடாது" என்றாராம் இவர். அந்த அம்மையார் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனந்தான் நண்பரை என் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. "போதகரைக் கேட்டால் வேண்டாம் என்பார், பெரியவரைக் கேட்டால் வா என்பார். நீங்கள் சரித்திர வாத்தியார். இரண்டு பக்கத்தையும் சேராதவர். நீங்கள் சொல்லுங்கள், ஸார்" என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கல் தச்சர்களின் பழைய கூட்டுறவிலிருந்து தம் மரபு வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் இந்தச் சங்கம், 1717-ஆம் ஆண்டு லண்டன் நகரத்து நான்கு லாட்ஜுகள் கூடித் தலைமைச் சபை ஒன்றை அமைத்ததிலிருந்து தன் ஆண்டுக் கணக்கைத் தொடங்குகிறது. 1723-ல் அதன் விதிகளைத் தொகுத்து அச்சிட்டவர் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் என்ற பாதிரியார். கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களையே மதத்தின் பெயரால் வெட்டி மாய்த்த நூற்றாண்டு அப்போதுதான் முடிந்திருந்தது. கடவுளை நம்புகிறவன் எவனானாலும் வந்து உட்காரலாம், உள்ளே மதச் சண்டை கூடாது என்ற ஏற்பாடு அக்காலத்தில் பெரிய காரியம். தர்ம காரியங்களிலும் சங்கத்தார் குறைவு வைத்ததில்லை. சென்னைக்கும் இது புதிதன்று. 1752-லேயே இங்கே லாட்ஜ் ஏற்பட்டுவிட்டது. வடக்கே மட்டும் ஜனங்கள் அந்தக் கட்டடங்களுக்கு 'ஜாதூகர்', அதாவது மாயவித்தை வீடு, என்று பெயர் வைத்தார்கள். கதவை மூடிக்கொண்டால் வெளியே நிற்பவன் ஏதாவது ஒரு பெயர் வைக்கத்தானே செய்வான்!

இனி அந்த ரகசியத்தைப் பற்றி. உண்மையில் அது ரகசியமாகவே இல்லை. சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் 1730-லேயே சடங்குகள் அனைத்தையும் அச்சிட்டு விற்றுவிட்டார். 1952-ல் வால்ட்டன் ஹன்னா என்ற ஆங்கிலிகன் குருவானவர் மறுபடியும் விரிவாக வெளியிட்டார். கண்ணைக் கட்டி, கழுத்தில் சுருக்குக் கயிறு மாட்டி, புதியவரை உள்ளே அழைத்துப் போகிறார்கள் என்பதை இன்று யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆயினும் திருச்சபைகளின் ஆட்சேபணை தீரவில்லை. 1738-ல் போப் பன்னிரண்டாம் கிளெமென்ட் கத்தோலிக்கர்கள் இதில் சேரக் கூடாதென்று தடை விதித்தார். 1884-ல் பதின்மூன்றாம் லியோ அதை இன்னும் கடுமையாக வலியுறுத்தினார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் சங்கத்தின் பெயர் விடுபட்டதைக் கண்டு தடை நீங்கிற்றென்று சிலர் மகிழ்ந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே, இல்லை, தடை அப்படியே இருக்கிறது என்று ரோமாபுரி அறிவித்தது. 2023-லும் அதையே திரும்பச் சொன்னது. பிரிட்டிஷ் மெதடிஸ்டுகள் 1985-லும், இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை 1987-லும் தங்கள் சங்கடத்தைத் தெரிவித்தன. அதே இங்கிலாந்துத் திருச்சபையில் 1945 முதல் 1961 வரை கான்டர்பரி ஆர்ச்பிஷப்பாக இருந்த ஜெப்ரி பிஷர், தாமே ஒரு பிரீமேஸன்! ஆகையால், நல்ல கிறிஸ்தவர் எவரும் அங்கே போனதில்லை என்று சொல்ல வழியில்லை.

"ரகசியம் என்பதே கிறிஸ்தவத்துக்கு விரோதமோ?" என்று நண்பர் கேட்டார். அப்படிச் சொல்ல நான் துணியவில்லை. ஒரு காலத்தில் கிறிஸ்தவர்களே ரகசியச் சங்கத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள்தாமே? ஏறத்தாழ கி.பி. 112-ல் பித்தினியா நாட்டு அதிபதியான பிளினி, இவர்களைப் பிடித்து விசாரித்துச் சக்கரவர்த்தி டிராஜனுக்குக் கடிதம் எழுதினான். விடியுமுன் கூடுகிறார்கள், சேர்ந்து சத்தியம் செய்கிறார்கள் என்பது விசாரணையில் வெளிவந்தது. அந்தச் சத்தியந்தான் என்ன? திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கைத் தவறுவதில்லை என்பதே! சங்கம் என்றாலே டிராஜனுக்குப் பயம். நிகோமீடியா நகரில் தீயணைக்க 150 பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கக்கூட அவன் அனுமதி தரவில்லை. மூடிய கதவைக் கண்டதும் குற்றம் கற்பிக்கிறவர்கள் இந்தச் சரித்திரத்தை மறக்கலாகாது.

அது மட்டுமா? தர்மம் செய்வதை வலக்கை செய்ய இடக்கை அறியாதபடி செய் என்று கற்பித்தவர் இயேசுநாதர். பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு அதை உயிர் போனாலும் வெளியிடலாகாது. ஆனால் இங்கே ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். தர்மத்தின் ரகசியம் வாங்குகிறவனின் மானத்தைக் காக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் வாயைக் கட்டியிருப்பது குருவுக்கு. அறிக்கை செய்தவன் தன் கதையை யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். இரண்டிலும் ரகசியம் எளியவனுக்குக் கவசமாக இருக்கிறது. லாட்ஜின் ரகசியமோ உள்ளே இருப்பவர்களுக்குக் கவசம்.

அந்தக் கவசம் என்ன செய்யக்கூடும் என்பதை அமெரிக்கா 1826-ல் கண்டது. நியூயார்க் ராஜ்யத்தில் வில்லியம் மார்கன் என்பவர் சங்க ரகசியங்களை அச்சிடப்போவதாக அறிவித்தார். அவரைச் சிலர் கடத்திச் சென்றனர். பிறகு அவரை ஒருவரும் காணவில்லை. கடத்தியவர்களில் சிலருக்குக் கிடைத்தவை சிறு தண்டனைகளே. அதிகாரிகளிலும் ஜூரர்களிலும் எத்தனை பேர் 'சகோதரர்கள்' என்று ஜனங்கள் கேட்கத் தொடங்கினர். அந்தக் கோபத்திலிருந்து ஓர் அரசியல் கட்சியே பிறந்து, 1832-ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வெர்மான்ட் ராஜ்யத்தை வென்றது. சங்கத்தார் எல்லாரும் குற்றவாளிகள் என்பதன்று இதன் பொருள். நல்லவனையும் அயலான் நம்ப முடியாமற் போயிற்று என்பதே பொருள்.

ஆனாலும் என் மனத்தில் உறுத்தியது வேறொன்று. லாட்ஜில் சத்தியம் வாங்குமுன் தலைவர் ஓர் உறுதிமொழி கொடுப்பது ஆங்கில மரபு: உன் மதக் கடமைக்கோ குடிமகன் கடமைக்கோ மாறானது எதுவும் இதில் இல்லை என்று. அவர் உண்மையாகவே சொல்லலாம். ஆனால் மாறானதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? கண் கட்டப்பட்டு நிற்பவரா, கட்டியவரா? இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளில் கடைசி விதி சத்தியத்தைப் பற்றியது. நீதியும் விவேகமும் உண்மையும் இருந்தாலன்றிச் சத்தியம் கூடாதென்பது அதன் கருத்து. விஷயம் தெரியாமல் செய்யும் சத்தியத்தில் விவேகத்துக்கு இடமேது? கழுத்தறுப்பு முதலிய பயங்கரத் தண்டனைகளை இங்கிலாந்துத் தலைமைச் சபை 1986-ல் சத்தியத்திலிருந்து நீக்கிவிட்டது, நல்லதுதான். ஆனால் அறியாமல் சத்தியம் செய்வது அப்படியே நிற்கிறது. மனச்சாட்சியை ஒரு மாலை நேரத்துக்கு இன்னொருவரிடம் அடகு வைப்பது எந்த மதத்தவனுக்கும் கஷ்டமான காரியம். கிறிஸ்தவனுக்குச் சத்தியம் கடவுளைச் சாட்சிக்கு அழைப்பதாகையால் இன்னும் கஷ்டம்.

கதவைத் திறந்தால் சகோதரத்துவம் போய்விடும் என்பதும் இல்லை. 1882-ல் அமெரிக்காவில் மக்கிவ்னி என்ற கத்தோலிக்கக் குரு, விதவைகளையும் அநாதைகளையும் காக்க 'கொலம்பஸ் வீரர்கள்' என்ற சங்கத்தை ஆரம்பித்தார். அதிலும் சேர்க்கைச் சடங்கு மறைவாகவே நடந்துவந்தது. 2020-ல் அதைக் குடும்பத்தார் பார்க்கும்படி திறந்துவிட்டார்கள். சங்கம் கலைந்துவிடவில்லை.

நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அவர் செய்த உதவியை நினைத்தால் மறுக்க வாய் வரவில்லை" என்றார். "மறுக்க வேண்டாம். சத்தியத்தின் வாசகத்தை முன்கூட்டிக் கேளுங்கள். வீட்டில் அம்மாவுடன் உட்கார்ந்து படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்" என்றேன்.

அடுத்த வாரம் அப்படியே கேட்டாராம். பெரியவர் சிறிது யோசித்துவிட்டு, "அதற்கு எனக்கு அதிகாரம் இல்லையே, ஐயா" என்றாராம். கோபித்துக்கொள்ளவில்லை; ஆனால் அதன் பிறகு அவர் பேச்சில் பழைய உரிமை இல்லை என்று நண்பர் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஒரு நல்லவருடைய நட்பில் ஒரு பங்கு, அவர் பெயருங்கூட அறியாத எவரோ வகுத்த விதிக்காகக் குறைந்துபோயிற்று. நண்பரின் மனைவியை ஞாயிறன்று வழியில் சந்தித்தேன். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனம் வேறு.