துப்பாக்கிக்கு என்ன வயசு?

கும்மிடிப்பூண்டி சிப்காட் கேன்டீனில் இன்கிரிமென்ட் பேச்சு ஓய்ந்த ஒரு மத்தியானம். நண்பர் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி ஆரம்பித்தார்: "எங்க தாத்தாகிட்ட அமெரிக்கா ரிவால்வர் இருந்துச்சு சார். எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு வருவார். 1869-ல செஞ்சது. குழல் மேலயே போட்டிருக்கும்."

போட்டிருந்தால் போதுமா? பழைய அமெரிக்க ரிவால்வர்களின் குழலில் இருக்கும் தேதி பெரும்பாலும் பேடன்ட் தேதி. அதே தேதியைப் பல வருஷம் கழித்துச் செய்த துப்பாக்கியிலும் பொறிப்பார்கள். 'இதற்கு முன்னால் நான் பிறக்கவில்லை' என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிறோம். பெயரை வைத்து வயசைக் கணக்குப் போட்டால் பையனுக்குக் கல்யாணம் நடக்குமா?

வெள்ளைக்காரன் கொஞ்சம் ஒழுங்கு. 1915-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த வெப்லி மார்க் 6 ரிவால்வரின் உடம்பிலேயே செய்த வருஷத்தைப் பொறித்தார்கள். இது தவிர சோதனை முத்திரை. பர்மிங்காமில் 1813-ல் சட்டம் போட்டு ஒரு சோதனைச்சாலை வைத்தார்கள். வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுடுவார்கள். வெடித்துச் சிதறாவிட்டால் பாஸ். கிரீடமும் கீழே 'என்.பி.' என்ற எழுத்தும் இருந்தால், 1904-க்குப் பிறகு புகையில்லா மருந்தில் பாஸானது என்று அர்த்தம். ஆனால் பழைய துப்பாக்கியையும் பின்னால் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கலாமே! ஆகவே கடைசியில் சீரியல் நம்பர்தான் கதி. கோல்ட் கம்பெனி பழைய பேரேட்டைப் புரட்டி, இந்த நம்பர் எப்போது வெளியே போனது என்று கடிதமே தரும். காசு வாங்கிக்கொண்டுதான்.

அமெரிக்காவில் இந்த வருஷக் கணக்கு விளையாட்டில்லை. 1898 முடிவதற்குள் செய்ததென்றால் மத்திய சட்டப்படி 'ஆன்ட்டிக்'. ஒரு வருஷம் பிந்தினால் மற்றத் துப்பாக்கிகளுக்கான சட்டம் அத்தனையும் பாயும்.

சரி, நம்பரும் முத்திரையும் இல்லாத ஆயுதம் என்றால்? நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். வயசு? பல காலம் உத்தேசம்தான்.

1999-லிருந்து சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டினார்கள். கல் வெளியில் கிடக்கும்போது விண்வெளிக் கதிர்கள் பட்டு, அதிலுள்ள குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்று இரண்டு சரக்கு சேர்கிறது. மண்ணில் ஆழப் புதைந்தால் வரவு கட். அலுமினியம் சுமார் 7 லட்சம் வருஷத்தில் பாதியாகிறது. பெரிலியத்துக்கு சுமார் 14 லட்சம். வேலை போனவனின் இரண்டு பேங்க் பாஸ்புக் மாதிரி. ஒன்று வேகமாகக் கரைகிறது, இன்னொன்று மெதுவாக. மிச்சத்தைப் பார்த்தால் சம்பளம் என்று நின்றது என்று சொல்லிவிடலாம்.

2011-ல் 'சயின்ஸ்' இதழில் விடை வந்தது: சுமார் 15 லட்சம் வருஷம்! இந்த வகைக் கைக்கோடரி இந்தியாவுக்கு அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது என்று எழுதியிருந்தவர்கள் பேனாவை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. அதுவும் இது புதைந்த கணக்குதான். செய்தது அதற்கு முந்தி. பேடன்ட் தேதிக்கு நேர் எதிர்!

பூண்டி நீர்த்தேக்கம் பக்கத்திலுள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் கற்காலக் கருவிகளைப் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி அன்பர்கள் குழம்ப வேண்டாம். அது வேற பூண்டி. திருவள்ளூர் போய்த்தான் பஸ் பிடிக்கணும்.